கண்ணுக்குச் சொட்டு விட்ட பிறகு

திருகோணமலை ஆஸ்பத்திரி, கண் கிளினிக்.
முப்பத்தொன்பதாம் இலக்கத் துண்டு என் கையில்.
எதிர்ச் சுவரில், மின்விசிறிக் காற்றுக்கு
ஒரு மூலையால் மட்டும் அசைகிறது படம்:
வயல். வயலுக்குள் ஒரு வீடு.
பின்னால் மலைபோல ஏதோ.
கையெழுத்து இல்லை.
யாரோ அன்பளித்தது என்பதை
பித்தளைத் தகடு கழன்றுபோன
நாலு ஆணித் துளைகள் சொல்கின்றன.

முதல் சொட்டு விட்டார்கள்.
"இருபது நிமிசம். கசக்க வேண்டாம்."

படத்தை வாசிக்கத் தொடங்கியவர்
பக்கத்தில் இருந்த தம்பலகாமத்து நாகமணியர்.
"கதிரெல்லாம் வெளிச்சப் பக்கம் சாயுது.
விடியல் எண்டால் அடிக்கிறது கச்சான், சிறுபோகம்.
பொழுதுபடுற நேரமெண்டால் கொண்டல், பெரும்போகம்.
ரெண்டில ஒண்டு."
தாடையைச் சொறிந்தார்.
"பெரும்போகம்தான்.
சிறுபோகத்துக்கு இவ்வளவு தண்ணி
எவன் திறந்துவிட்டவன்?"

"தண்ணிய உடுங்க, கொடியப் பாருங்க,"
என்றார் கிண்ணியாவிலிருந்து வந்த சித்தி றலிஹா.
எழும்பிப்போய் விரல் வைத்துக் காட்டினார்.
சின்னச் சட்டையொன்று, நகக்கண் அளவு.
"மஃரிபுக்குப் பொறகு புள்ளட உடுப்ப
வெளிய உடமாட்டம்.
அப்ப இது காலைதான்.
இல்லாட்டி..."
முடிக்காமல் வந்து உட்கார்ந்தார்.
நாங்களும் கேட்கவில்லை.

நான் நில அளவைக் கந்தோரில்
முப்பது வருடம் வரைபடம் கீறியவள்.
எனக்கு முதலில் தெரிந்தது எல்லைக்கல் இல்லாதது.
வரம்பு இருக்கிறது, வேலி இல்லை,
துண்டு இலக்கம் இல்லை,
ஒருவரும் வழக்குப் போட முடியாத வயல்.
அதற்குப் பிறகுதான் பாதை.
ஆள் புழங்காத பாதையைப் புள்ளிக்கோடாய்ப் போடுவோம்.
இந்த ஆள் முழுக்கோடாய் இழுத்திருக்கிறார்,
வாசல்வரை, தூரிகையைத் தூக்காமல்.
"அப்போ உள்ளே ஆள் இருக்குது," என்றேன்.
"கீறினவன் நடந்திருப்பான்," என்றார் நாகமணியர்,
"கீற வந்து, கீறிப்போட்டுப் போக."

கதவு திறந்து கிடக்கிறது என்றார் ஒருவர்.
பூட்டு என்றார் மற்றவர்.
கதவே இல்லை, இருட்டை மட்டும்தான்
நீட்டிவைத்திருக்கிறான் என்றேன் நான்.
கொஞ்சம் சத்தமாகவே.
தாதி திரும்பிப் பார்த்தாள்.

இரண்டாவது சொட்டு.

முதலில் போனது சட்டை.
கொடி போனது.
கச்சானும் கொண்டலும் ஒரே மஞ்சளில் கரைந்தன.
என் முழுக்கோடு
புள்ளியாகக்கூட மிஞ்சவில்லை.
சாட்சிகள் ஒவ்வொன்றாய் எழும்பிப்போன பிறகும்
சுவரில் ஏதோ இருந்தது:
அவித்த நெல் காயும் பாயின் நிறம்,
அதன் கீழே சாம்பல்,
நடுவில் ஒரு கறுப்பு.
ஒரு வீட்டு முற்றத்தில் நின்று
பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு,
பதில் வருமுன் நிற்போமே,
அந்த நேரம்.
அது நல்லதா கெட்டதா என்று
அந்த நேரத்துக்கே தெரியாது.

மூவரும் பேசவில்லை.
விரிந்த கண்மணிகளோடு
ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம்.
நாகமணியர் மட்டும் மெல்ல,
"இப்பத்தான் வடிவாத் தெரியுது," என்றார்.
பகிடியா என்று கேட்க நினைத்தேன்.
அதற்குள் முப்பத்தேழைக் கூப்பிட்டார்கள்.

பன்னிரண்டு மணிக்கு வெளியே வந்தால்
வெயில் ஊசியாய் ஏறுகிறது.
படலையடியில் புள்ளிமான் ஒன்று
சோற்றுப் பார்சல் தாளை மென்றுகொண்டிருந்தது;
எனக்கு அது மாட்டுக்கன்று,
சித்தி றலிஹாவுக்கு யாரோ குந்தியிருப்பது.
ஒருவர் கையை ஒருவர் பிடித்து
தெருவைக் கடந்தோம்.

"அந்தச் சட்டை சிவப்புத்தானே?" என்றார்.
நீலம் என்று நினைத்திருந்தேன்.
சொல்ல வாயெடுக்க,
கிண்ணியா பஸ் என்று யாரோ கத்த,
அவர் நிறம் கேட்காமலே ஏறிப்போனார்.

எனக்கு அடுத்த தவணை
மாசி பதினாறு.